ஸ்டீல்ஸ்காரியில் ஒரு துண்டு

யூலை மாதக் கடைசி ஞாயிறு, வெக்ஸ்போர்டில் என் வாடகை வீட்டின் பின்வளவில் இருந்தவர்கள்:

றெஜினா அன்ரி, வீடு மில்லிக்கனில். பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் கருவிகள் கழுவி ஓய்வெடுத்தவர்.

சூசைதாசன் அண்ணை. லொறி ஓட்டுபவர். பூசை முடிந்து வந்ததால் வெள்ளைச் சட்டை.

தீப்தி, வீடு மார்க்கத்தில். கோயம்புத்தூர்க்காரி. கொம்பியூட்டர் வேலை.

நான், ஜனார்த்தன். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டு ஒன்றரை வருடம்.

வேறு யாரும் வரவில்லை. அன்று என் பாத்தியிலிருந்து ஒரு துண்டு களவு போனது. எடுத்தவர் இந்தப் பட்டியலுக்குள் இருந்தார்.

நாங்கள் நால்வரும் ஐரிஸ் பூச்செடியின் பழைய சாதிகளை வளர்ப்பவர்கள். கடையில் வருகிற புதுச் சாதிகள் எங்களுக்கு வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தியவை, கைமாறி வந்தவை, யாரோ இடித்த வீட்டின் வேலியோரத்தில் தப்பி நின்றவை, அவைதான் வேண்டும். மூன்று நாலு வருடத்துக்கொருமுறை கிழங்கைத் தோண்டிப் பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூக்காது. அதனால் யூலையில் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுவோம். அவரவர் கிழங்குகளைத் தொட்டியில் கொண்டுவருவார்கள். பிரித்து, இலையை ஒரு சாண் உயர விசிறியாக வெட்டி, அந்த இலையிலேயே மார்க்கரால் பெயர் எழுதி மாற்றிக்கொள்வோம். பூ இல்லாத நேரத்தில் ஒரு ஐரிசையும் இன்னொன்றையும் எவராலும் பிரித்தறிய முடியாது. எழுத்துத்தான் அடையாளம்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கிற சாதியில் ஒரு துண்டு இன்னொரு வளவுக்குப் போக வேண்டும். ஒரு பனிக்காலத்தில் அந்த ஒரு வளவு அழிந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒழுங்கை மூன்று வருடமாக நான் மீறிக்கொண்டிருந்தேன். ஸ்டீல்ஸ் வீதியோரம் ஒரு பழைய பண்ணைவீட்டை இடித்தபோது, இயந்திரத்தின் வாய்க்கு முன்னாலிருந்து தோண்டிக் கொண்டுவந்த ஒன்று என்னிடம் இருந்தது. பூ புகை படிந்த செம்பு நிறம், இதழில் மயிர்போல ஊதாத் தாடி. பெயர் தெரியாது. ஐரிஸ் சங்கத்து வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, நாற்பது வருடத்தில் இப்படியொன்றைக் கண்டதில்லை என்று எழுதினார். சூசைதாசன் அண்ணை அதற்கு ஸ்டீல்ஸ்காரி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு யூலையும் கேட்பார்கள். இன்னும் பெருகவில்லை என்று சொல்வேன். உண்மையில் கிழங்குக்கொன்றாகப் பத்தொன்பது விசிறி நின்றது. கொடுத்தால் மறு வருடம் அது ஐம்பது வீட்டில் நிற்கும். என்னுடையது என்று சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த ஞாயிறுக்கு முதல்நாள், சனிக்கிழமை, அதில் ஒரு கிழங்கு கையில் அமுங்கியது. கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து வெயிலில் காயவிட்டேன். சின்ன விஷயம் என்று நினைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப ஒரு துண்டு தாவன், காப்பாத்தலாம்" என்று ஆரம்பிப்பார்கள்.

ஞாயிறு நான் போட்ட சட்டம்: என் கத்தி மட்டும். மற்றவர்களின் கத்தியில் என்ன நோய் ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாலு பேரின் கிழங்கையும் நானே வெட்டினேன். றெஜினா அன்ரி பையிலிருந்து பிளீச் போத்தலும் ஒரு டப்பாவும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒவ்வொரு வெட்டுக்கும் உதிலை ஒருக்கா தோச்செடு, ஜனா."

"அன்ரி, இது பல்லுப் புடுங்கிற இடமில்லை. மூடி வையுங்கோ, மணக்குது."

சூசைதாசன் அண்ணை சிரித்தார். அன்ரி மூடி வைத்தார். அதன் பிறகு அதிகம் கதைக்கவில்லை. ஒருமுறை ஸ்டீல்ஸ்காரிப் பாத்தியருகே குந்தியிருந்தார். தண்ணீர்க் குழாயும் அந்தப் பக்கம்தான்.

திங்கள் காலை எண்ணினேன். பதினெட்டு. வேலிப்பக்க ஓரத்தில் ஒரு கிழங்கு நேராக வெட்டி எடுக்கப்பட்டு, மண் கையால் தட்டி மூடப்பட்டிருந்தது. அணிலுக்குத் தட்டி மூடத் தெரியாது.

சூசைதாசன் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, நேற்றுக் கொண்டுபோன தொட்டியிலை பெயரெழுதாத விசிறி ஏதும் கிடக்கோ?"

"டேய், நீ எழுதினதையே வாசிக்க ஏலாமல் கிடக்கு. டொக்டரின்ரை மருந்துச்சீட்டு மாதிரி."

"ஸ்டீல்ஸ்காரியிலை ஒண்டு காணேல்லை."

"அப்ப நான் பூசை முடிச்சு வந்து உன்ரை கிழங்கைக் களவெடுத்தனான்."

"அப்பிடிச் சொல்லேல்லை. கேட்டனான்."

"நான் ஃபோர்-ஓ-வண் ஹைவேயிலை ஒரு மணித்தியாலமா நகராமல் நிக்கிறன். உன்ரை கேள்விக்கும் பதில் சொல்ல வேணும். வை ஃபோனை."

கோபப்பட்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பிழை செய்யாதவன் முதலில் எப்போது போனது, எப்படிப் போனது என்று கேட்பான். அதைக் குறித்து வைத்தேன். ஆனால் அன்று முழுக்க அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. றெஜினா அன்ரி குந்தியிருந்ததைத் தண்ணீர்க் குழாய்க்கென்று விட்டுவிட்டேன். மிஞ்சியது தீப்தி. எல்லாரையும்விட முதலில் கிளம்பியவள். பையைத் தூக்கியபோது பாரத்தில் தோள் சாய்ந்தது. அன்று அவள் ஃபோனில் எடுத்த படங்களையெல்லாம் அனுப்பச் சொன்னேன். முப்பத்தொரு படம் வந்தது. ஒன்றில்கூட வேலிப்பக்கம் இல்லை. யாராவது வேண்டுமென்று விட்டால்தான் ஒரு பக்கம் முழுதாக விடுபடும்.

பத்து நாள் பொறுத்தேன். நட்டுவிட்டு அசட்டையாக இருக்கிற நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் சரி. புதன் பின்னேரம் மார்க்கத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்க. ஃபோன் பண்ணவே இல்லையே?"

"உங்கடை பாத்தியை ஒருக்காப் பார்க்கலாமோ?"

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓஹோ. சூசைதாசன் அங்கிள் சொன்னாரு, உங்க லிஸ்ட்ல நான்தான் அடுத்ததுன்னு. வாங்க, நல்லாப் பாருங்க. மூக்கை மட்டும் பொத்திக்கோங்க."

பின்னால் கூட்டிப்போனாள். ஒன்பது விசிறி, ஒன்பதும் சரிந்து கிடந்தன. ஒன்றை இழுத்தாள். இலை மட்டும் கையோடு வந்தது. கிழங்கு இருந்த இடத்தில் மஞ்சள் கூழ். மூக்கைப் பொத்தினேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது.

"மூணு நாளா இப்படித்தாங்க. அங்கிள் வீட்லயும் எல்லாம் போச்சாம். நான் தண்ணி அதிகமா ஊத்திட்டேன்னு நெனச்சேன். என்ன பண்ணினேன், சொல்லுங்க?"

நான் குனிந்து அடுத்த விசிறியை இழுத்துப் பார்த்தேன்.

"றெஜினா ஆன்டிகிட்டயும் கேட்டேன். அவங்க ஆச்சரியப்படவே இல்ல. அவங்களுது நல்லாருக்காம்."

வீட்டுக்கு வந்து ஸ்டீல்ஸ்காரியைத் தோண்டினேன். வெளியில் இலை பச்சையாகத்தான் நின்றது. உள்ளே பதினெட்டும் கூழ். ஒன்று விடாமல் பிசைந்து பார்த்தேன். கெட்டியாக ஒரு விரல் நீளம்கூட மிஞ்சவில்லை.

அழுகல் கத்தியில் போகும். ஐரிஸ் வளர்க்கிற எவருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். சனிக்கிழமை அழுகலைச் சுரண்டிய கத்தியால் ஞாயிறு நாலு பேரின் கிழங்குகளையும் வெட்டினேன். மற்றவர்களின் கத்தியைத்தான் சந்தேகித்தேன். என்னுடையதைத் துடைக்கக்கூட இல்லை.

இனி உலகத்தில் ஸ்டீல்ஸ்காரி இருந்தால், அது களவு போன அந்த ஒரு துண்டுதான். அது யாரிடம் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் மில்லிக்கனுக்குப் போனேன். றெஜினா அன்ரி கதவைப் பாதி திறந்து முதலில் என் கைகளைப் பார்த்தார்.

"தோண்டிப்போட்டுத்தானே வாறாய்? சப்பாத்தை வெளியிலை கழட்டு. கத்தி கொண்டு வந்தனியோ?"

"இல்லை."

"பொக்கற்றைக் காட்டு."

காட்டினேன். உள்ளே விட்டார். குசினி யன்னலருகே, புது மண் நிரப்பிய சட்டியில், ஒற்றை விசிறி நின்றது. இலையில் பெயர் இல்லை. நடுவில் புதுக் குருத்து ஒரு விரல் அளவு எழும்பியிருந்தது.

"எடுத்தது நான்தான்," என்றார், நான் கேட்க முதலே.

"களவு, அன்ரி."

"ஓம், களவுதான். கேட்டிருந்தால் தந்திருப்பியோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"நீங்கள் அண்டைக்கே அழுகலைக் கண்டிட்டியள்."

"மணந்தது. கிட்டப் போய் அமத்திப் பார்த்தனான். ஓரத்திலை நிண்ட இது மட்டும் கெட்டியாக் கிடந்தது. என்ரை கத்தியாலை, தோச்செடுத்து வெட்டினனான்."

"உங்கடை மற்றக் கிழங்குகள்?"

"வீட்டை கொண்டுவந்து, நீ வெட்டின பக்கமெல்லாம் திருப்பிச் சீவி, பிளீச் தண்ணியிலை போட்டு எடுத்தனான்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. "அப்ப உங்கடையைக் காப்பாத்திப்போட்டு, தீப்தியையும் சூசையண்ணையையும் அழுகலோடை வீட்டை அனுப்பிப்போட்டியள். ஒரு வார்த்தை சொல்லேல்லை. ஏன்? சொன்னால் எல்லாரும் பாத்தியைப் பார்ப்பினம். களவெடுக்க ஏலாது."

அவர் முகம் மாறியது.

"சொல்லியிருக்க வேணும்," என்றார். "நீ எல்லாருக்கும் முன்னாலை பல்லுக் கதை சொல்லிச் சிரிச்சனீ. எனக்குக் கோபம். கோபத்திலை மூண்டு பேரின்ரை கிழங்கும் போச்சு. சரியோ? இப்ப நீ சொல்லு. அவைக்குக் கத்தியைப் பற்றிச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"அந்தப் பிள்ளை தண்ணி கூட ஊத்திப்போட்டன் எண்டு என்னட்டை அழுதவள்."

மேசையில் ஒரு சின்ன மட்டைப்பெட்டி இருந்தது. தபாலில் அனுப்புகிற அளவு. மேலே முகவரிச் சீட்டு ஒட்டி, எழுதாமல் விட்டிருந்தது.

"உது ஆருக்கு?"

"மகளுக்கு. மிளகாய்த்தூள்."

"சங்கத்துப் பொம்பிளைக்கு இல்லையோ? உங்கடை பேரிலை பதிய?"

"ஒற்றைக் கிழங்கை அனுப்பிப்போட்டு நான் என்னத்தை வளர்க்கிறது? மடையா."

பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நான் சட்டியைத் தூக்கினேன். பாரமில்லை. கதவு ஆறு அடிக்குள் இருந்தது. அவர் தடுக்க வரவில்லை. அடுப்பருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொண்டு போ. எங்கை வைக்கப் போறாய்?"

"புது மண்ணிலை."

"அதே வளவு. அதே கை. செத்தால் இனி ஒருத்தனிட்டையும் இல்லை. நான் கள்ளி, சரி. என்ரை யன்னலிலை அது குருத்து விட்டிருக்கு."

அந்தக் குருத்தைப் பார்த்தேன். அவரை நான் நம்பவில்லை. பெட்டியை நம்பவில்லை. அடுத்த வருடம் அந்தப் பூவின் கீழே யாருடைய பெயர் இருக்கும் என்பதையும் நம்பவில்லை. ஆனால் என் வளவை எனக்குத் தெரியும். நேற்று அதை இரண்டு கையாலும் பிசைந்திருக்கிறேன். வரும்போது காரில் இருக்கும் சுற்றுத்துணியில் கையைத் துடைத்ததும் ஞாபகம் வந்தது. அந்தத் துணியில்தான் கத்தியையும் சுற்றி வைத்திருந்தேன். இப்போது அதே கை சட்டியின் விளிம்பில் இருந்தது.

திருப்பி வைத்தேன்.

அவர் உடனே பிளீச் துணியால் விளிம்பைத் துடைத்தார். எனக்கு முன்னாலேயே, சுற்றிவரத் துடைத்தார்.

"பூக்கிற நேரம் பார்க்க வரலாமோ?"

"முதல்ல அவை ரெண்டு பேருக்கும் சொல்லு. நான் அண்டைக்கே கண்டனான் எண்டதையும் சேர்த்துச் சொல்லு. பிறகு நாலு பேருமா இருந்து கதைப்பம், ஆருக்கு எந்தத் துண்டு எண்டு."

"சொல்லிப்போட்டு வந்தால் இது இஞ்சை நிக்கும் எண்டு என்ன நிச்சயம்?"

"நீ சொல்லுவாய் எண்டு எனக்கென்ன நிச்சயம்?"

வெளியே வந்து, சப்பாத்தைப் போடக் குனிந்தேன். பின்னால் கதவு சாத்துப்பட்டது. ஒரு பூட்டு திரும்பியது. அதற்கு மேலிருந்த மற்றப் பூட்டும் திரும்பியது.