நாலேகால் மணிக் கொல்லை

கறம்பக்குடிக்குக் கிழக்கே நரியன்விடுதியில், சொர்ணவல்லியின் ஒரு ஏக்கர் இருபது சென்ட் கடலைக்கொல்லையில், இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலை பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலேகால் மணி என்பது மூன்று வருஷமும் பத்து நாளும் நீடித்தது. வரப்புக்கு இங்கிட்டு ஊர் வழக்கம்போல விடிந்தது, இருட்டியது, ஒரு எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டது, தக்காளி கிலோ இருநூறுக்கு ஏறி இறங்கியதையும் பார்த்தது. வரப்புக்கு அங்கிட்டு மேற்கே சாய்ந்த வெயில் சாய்ந்தபடியே நின்றது. பனைமரத்து நிழல் மோட்டார் கொட்டகைக் கதவைத் தொட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகரவில்லை. டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று சிலர் சொன்னார்கள். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, கரண்ட் சரியாகத்தான் வருகிறது, நேரம்தான் வரவில்லை என்று சொல்லிப் போனார்.

அதிசயம் கிடக்கட்டும், அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சொர்ணவல்லியின் புருஷன் சேவுகன் எண்பத்தேழில் கிரயம் வாங்கிய கொல்லை. அவர் செத்து இரண்டு வருஷம் ஆவதற்குள் பங்காளி அய்யப்பன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துகொண்டே ஒரு பவர் ஏஜெண்டை வைத்து, கொல்லை தன்னுடையது என்று வழக்குப் போட்டான். அவன் காட்டிய பட்டா பக்கத்துக் கொல்லையின் நம்பர். சேவுகனின் கிரயப் பத்திரமோ டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அரைப் பக்கம் எழுதி நீட்டினால் தீர்ந்துபோகிற பதில். அந்தப் பதிலுக்குக் கோர்ட்டில் எதிருரை என்று பேர். சம்மன் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டால் தொண்ணூறு. அதற்கு மேல் வாய் இருந்தும் ஊமைதான். வழக்குப் போட்டவன் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

கோர்ட்டு அமீனா ராசு ஏப்ரல் இருபதாம் தேதி சம்மனைக் கொடுத்தார். மறுநாளே சொர்ணவல்லி பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீல் எழிலரசனிடம் ஓடினாள். மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். எதற்கென்று அவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஜூலையில் டைப் அடிக்கிற பெண் பிரசவத்துக்குப் போய்விட்டது. ஜட்ஜுக்கு லீவு உண்டு, வக்கீலுக்கு லீவு உண்டு, டைப்பிஸ்டுக்கு லீவு உண்டு. எண்ணப்படுகிற நாளுக்கு மட்டும் லீவு கிடையாது. எட்டுத் தடவை அவள் பஸ் ஏறிப் போய்க் கேட்டாள். எட்டுத் தடவையும் எழிலரசன், "வாய்தா வாங்கியாச்சு ஆத்தா, தைரியமாப் போங்க" என்றார். வாய்தா வாங்கினாலே பதில் கொடுத்த மாதிரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தாலுகாவில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூறாம் நாள், நாலேகாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, எழிலரசனின் குமாஸ்தா மரியசெல்வம் டைப் அடித்த தாளோடு டிவிஎஸ் பிப்டியில் வந்து இறங்கினார். ஆவூர்க்காரர், நல்ல மனுஷர். சொர்ணவல்லி கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, மூணு எடத்துல கையெழுத்துப் போடுங்க. நாலே முக்காலுக்குக் கோர்ட்டுல மனு வாங்குற ஜன்னலச் சாத்திருவாங்க."

"இன்னைக்குச் செவ்வாக்கெழம தம்பி. நாலரை வரைக்கும் ராகுகாலம்."

"எங்களுக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. ஜன்னல் சாத்துற நேரம் மட்டுந்தான் இருக்கு."

"எம்பத்தொம்பது நாளு தூங்கிப்புட்டு, தொண்ணூறாம் நாளு ராகுகாலத்துல வந்து பேனாவ நீட்டுறீங்களே, கேக்க ஆளில்லன்னுதானே? நாலரை ஆகட்டும். போடுறேன்."

நாலரை ஆகவில்லை. தாளையும் பேனாவையும் கொட்டகை ஜன்னலில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மரியசெல்வம் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடியது, ஆனால் நாலேகாலிலேயே ஓடியது. இரண்டு ஜெபமாலை சொல்லி முடித்தார். பசியெடுத்து நாலு செடி பிடுங்கிப் பிஞ்சுக் கடலை தின்றார். எவ்வளவு நேரம் ஆனதென்று அவரால் சொல்ல முடியவில்லை, நேரம்தான் ஆகவே இல்லையே. கடைசியில் ஒதுங்குவதற்காக வரப்பைத் தாண்டினார். அங்கே புதன்கிழமை காலை, சேவல் கூவுகிறது, செல்போனில் அவர் மனைவி ஷர்லியின் முப்பத்தேழு மிஸ்டு கால்.

செப்டம்பரில் ஒருதலைத் தீர்ப்பு வந்தது. கொல்லை அய்யப்பனுக்கு. அதை விலக்கக் கேட்டு முப்பது நாளில் மனுப் போடலாம் என்று சட்டம். எழிலரசன் நாற்பத்தோராம் நாள் போட்டார். அந்தப் பதினோரு நாள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. அது கேஸ் கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கொல்லையைப் பிடித்துக் கொடுக்க அமீனா ராசு மறுபடி வந்தார். வரப்பைத் தாண்டியதும் கையிலிருந்த உத்தரவு வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது, அந்தத் தேதியில் தீர்ப்பே பிறக்கவில்லை என்பதால். திரும்பி வரப்பில் ஏறினால் எழுத்து வந்தது, இறங்கினால் போனது. ஏழு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இங்கிட்டு ஜோலி இல்ல ஆத்தா" என்று ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். கண்டதைக் கண்டபடி ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். நம்பாத அய்யப்பன் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்தான். ராசு அந்தத் தேதியில் இதே தாலுகாவில் இருந்த ஆள், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அய்யப்பன் அப்படியில்லை. வரப்பைத் தாண்டிக் காலை வைத்த நொடியில் அவன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில், தலையில் ஹெல்மெட்டோடு, வெல்டிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று தடவை டிக்கெட் எடுத்து வந்தான், மூன்று தடவையும் போய்ச் சேர்ந்தான். நாலாம் தடவை வரவில்லை. ஓவர்டைம் பார்ப்பதாகக் கேள்வி.

கொல்லை அவள் கையை விட்டுப் போகவில்லைதான். ஆனால் நாள் நகராத மண்ணில் என்ன விளையும்? எழுபத்தைந்து நாள் பயிராக நின்ற கடலை மூன்று வருஷமும் எழுபத்தைந்து நாள் பயிராகவே நின்றது. பிடுங்கினால் பால் பிடித்த பிஞ்சு. இன்னும் முப்பதே நாள் வேண்டும், அந்த முப்பது நாள் வரப்புக்கு வெளியேதான் ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக் கொல்லையை வைத்துக்கொண்டு சொர்ணவல்லி அடுத்த ஊருக்குக் கூலிக்குக் கடலை பிடுங்கப் போனாள்.

மூன்று நீதிபதிகள் மாறி, நாற்பத்திரண்டு வாய்தா போன பிறகு, பதினோரு நாள் மனுவில் உத்தரவு வந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லப்படவில்லை; தள்ளுபடி. எழிலரசன் அதைக் கோர்ட்டு வராண்டாவில் நின்று வாசித்துச் சொன்னார். சொர்ணவல்லி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினாள். "ஏன் வக்கீலய்யா, என் பதினோரு நாளுக்குக் காரணம் கேக்குறாகளே, இவுக மூணு வருசத்துக்கு யாருகிட்டப் போயி நான் காரணம் கேக்க? எனக்குன்னா நாளு, இவுகளுக்குன்னா காலமா?" உள்ளே ஒருவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பதில் அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கொல்லைக்குப் போனாள். கூடவே மரியசெல்வமும் போனார். அங்கே இன்னும் ராகுகாலம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து ரேஷன் கார்டு வரை ராகுகாலத்தில் ஒரு காரியத்திலும் கை வைக்காதவள், கொட்டகை ஜன்னலிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள். "இவனுக செஞ்சதுக்கு மேலயா ராகு செஞ்சிரப் போறான்" என்று மூன்று இடத்திலும் கையெழுத்தைப் போட்டாள். இடி இடிக்கவில்லை, பல்லிகூடச் சொல்லவில்லை.

"தாளக் கொண்டுக்கிட்டு வரப்பத் தாண்டுனா நாளு போயிருமே ஆத்தா" என்றார் மரியசெல்வம்.

"நாளு எங்கிட்டு இருக்கு? இந்த மண்ணுலதானே? அப்ப மண்ணையும் சேத்து அள்ளு."

சாந்துச்சட்டி நிறைய மண்ணை அள்ளினார்கள். தாளை அதன் மேல் வைத்து, துண்டால் மூடி, அவள் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் கொடுத்த மகளிர் இலவச டிக்கெட்டில் மூன்று வருஷத்துக்கு முந்தின தேதி விழுந்தது. மெஷினை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் போனார்.

கோர்ட்டில் மனு வாங்குகிற மூன்றாம் நம்பர் ஜன்னலில் இருந்த பிரகதீஸ்வரி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. சொர்ணவல்லி சட்டியை ஜன்னல் திண்டிலும் தன் காலடியிலும் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது, மண்ணக் கொட்டுறீங்க?"

"மண்ணுக்குத்தானே தாயி வழக்கு. முத்திரையப் போடு."

சுவர்க் கடிகாரம் பின்னுக்குப் போய் நாலேகாலில் நின்றது. மேற்கே ஜன்னலே இல்லாத அந்த அறையில் மேற்கத்தி வெயில் அடித்தது. மண்ணைத் தாண்டி நீண்ட பிரகதீஸ்வரியின் கையில் மட்டும் அவள் காலேஜில் போட்டிருந்த பச்சைக் கண்ணாடி வளையல் கிடந்தது. முத்திரையின் தேதிச் சக்கரம் தானே சுழன்று, விழ வேண்டிய தேதியில் விழுந்தது. தொண்ணூறாம் நாள், நேரத்துக்குள், எதிருரை தாக்கல். பிரகதீஸ்வரி கையை இழுத்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு, அடுத்தது என்றாள்.

நாளுக்குள் பதில் கொடுத்தவள் மேல் ஒருதலைத் தீர்ப்பு எப்படி வந்தது என்று கோர்ட்டு தன்னைத் தானே கேட்டுக்கொண்டு, ஒன்றரை மாசத்தில் அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டது. முத்திரை விழுந்த நிமிஷமே கொல்லையில் நாலரை ஆனது, அப்புறம் இருட்டியது, அப்புறம் மழையும் பெய்தது. முப்பதாம் நாள் கடலை முற்றி, பதினெட்டு மூட்டை கண்டது. பிடுங்கிக்கொண்டிருக்கையில் எழிலரசன் கார் போட்டுக்கொண்டு வந்து, "ஆத்தா, இன்னும் ஒரு சட்டி மண்ணு கெடைக்குமா? நம்ம கட்சிக்காரங்க நாலஞ்சு பேருக்கு நாளு தப்பிப் போச்சு" என்றார். "இது இப்ப வெறும் மண்ணுய்யா. ஆளுதான் பத்தல, குனிஞ்சு ரெண்டு பாத்தி பிடுங்குங்க" என்றாள் அவள். பிடுங்கினார். மூன்றாவது பாத்திக்கு வாய்தா கேட்டார்.

மூல வழக்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும் என்று அவள் அடுத்த போகத்துக்கு உளுந்து தெளித்துவிட்டாள். ஜன்னலடியில் கொட்டிய மண் மட்டும் நாலேகாலிலேயே நிற்கிறது. நாள் தவறவிட்டவர்கள் மீமிசலிலிருந்துகூடப் பஸ் பிடித்து வந்து, அந்த ஜன்னலில் வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் கொடுக்கிறார்கள், இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெருக்குகிற அம்மாவிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியாயிற்று. பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: கால் மண்ணை இங்கேயே தட்டிவிட்டுச் செல்லவும்.