ஏரிப் பக்கம் இரண்டு தெரு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினோராவது கட்டத்தில் பிறந்தது. குடியுரிமை கேட்டு மிர்னா ஒபாந்தோ கொடுத்த விண்ணப்பம். அது திரும்பி வந்துவிட்டது. கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் படிக்கப்போவது எல்லாம் என் புலம்பல்.

நான் எவெனோர். மரியாதைக்குத் தோன் எவெனோர் என்பார்கள், பெண்களென்றால் தோன்யா. கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில், குடியுரிமை அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் மடக்கு மேஜை போட்டு, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வெயில் சாய்ந்ததும் மேஜையை மடக்கிவிட்டு வீட்டில் கதை எழுதுகிறேன். இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. எத்தனை விற்றது என்று கேட்காதீர்கள்.

இரண்டும் ஒரே வேலைதான், மற்றவர்கள் வாழ்க்கையை எழுதுவது. ஒன்றில் பொய் எழுதினால் குற்றம், இன்னொன்றில் பொய் எழுதாவிட்டால் யாரும் படிப்பதில்லை. இந்த வித்தியாசத்தை நான் மறந்துபோன ஒரு நாள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "சிவப்பு பீன்ஸும் சோறும் சேர்ந்து வறுபடும் வாசனையில் அந்தக் குடியிருப்பு கண் விழித்தது. அன்றும் மிர்னா—"

வேண்டாம். நிகராகுவாக்காரர்களைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் பீன்ஸில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்களுக்குச் சிவப்பு, இந்த ஊர்க்காரர்களுக்குக் கறுப்பு, யாருடையது ருசி என்று இரண்டு பக்கம் ஓட்டலாம். எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் தொடக்கம்: "கவுன்ட்டரில் இருந்த இளைஞனுக்கு நிகராகுவாக்காரர்கள் என்றாலே ஆகாது."

நல்ல வரி. படித்தவுடன் உங்களுக்கு ரத்தம் கொதிக்கும், என் பக்கம் வந்துவிடுவீர்கள். ஆனால் அது அபாண்டம். அந்தப் பையன் மிர்னாவுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன்.

மூன்றாம் தொடக்கம்: "மிர்னா களைத்துப்போயிருந்தாள்."

இதில் அடிக்க ஒன்றும் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மிர்னா களைத்துப்போயிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் இருபது வருஷமாக எலிசாவின் சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. எலிசா இந்த ஊர்க்காரி, முதலாளி, வாய் கொஞ்சம் அதிகம்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதி மிர்னாவுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

"இத்தன வருஷம் எனக்கு அந்தக் காகிதம் தேவப்படல, தோன் எவெனோர். ஊர் அதுபாட்டுக்கு இருந்துச்சு, நான் என்பாட்டுக்கு இருந்தேன். இப்ப எல்மரப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் இல்ல."

எல்மர் அவளுடைய ஒரே மகன். மெக்சிகோவில், மான்டெர்ரேயில், கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. கூடத் தங்கியிருக்கிறவர்கள் விடியும்போதே வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் பக்கத்து வீட்டுப் பெண் சூப் கொண்டுவந்து வைப்பாள், எடுத்துக் குடிப்பது அவன் பாடு. நிகராகுவா பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். மிர்னா இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. கோஸ்டா ரிக்கா பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டாம், விமானம் ஏற வேண்டியதுதான். அதனால்தான் விண்ணப்பம். கொடியைப் பார்த்துக் கண் கலங்கி வந்தவள் இல்லை அவள், பையனைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று வந்தவள். (கண் கலங்குகிற மாதிரி ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். அவள் முகத்துக்கு அது ஒட்டவில்லை.)

குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை, நாட்டைப் பற்றிய பரீட்சை இரண்டும் உண்டு. கடையில் மரவள்ளி தோல் சீவிக்கொண்டே படித்தாள். கேள்வி கேட்டது எலிசா.

"ஏழு மாகாணமும் சொல்லு."

மிர்னா சொன்னாள்.

"ஆறுதான் வந்துச்சு."

"ஏழும் சொல்லிட்டேன், தோன்யா எலிசா. நீங்கதான் லிமோன எண்ணாம விட்டுட்டீங்க."

"அட ஆமா! நல்லவேள, நான் இங்கயே பொறந்து தொலச்சேன். இல்லன்னா இந்த வயசுல ஃபெயில்."

இரண்டு பரீட்சையிலும் மிர்னா தேறினாள். நிகராகுவாவிலிருந்து போலீஸ் நன்னடத்தைச் சான்று முத்திரைகளோடு வந்து சேர எட்டு மாதம் ஆனது. வந்த பிறகு ஆறு மாதம்தான் செல்லும். இவளை எனக்குத் தெரியும், இன்ன இடத்தில் குடியிருக்கிறாள் என்று இரண்டு பேர் சாட்சி எழுதித் தர வேண்டும். ஒன்று எலிசா, இன்னொன்று மாதா கோயில் கணக்கர். எல்லாம் கைக்கு வந்தபோது போலீஸ் சான்றுக்கு இன்னும் பதினேழு நாள் உயிர் இருந்தது.

4

கவுன்ட்டர் காட்சி. இதை நான் நேரில் பார்க்கவில்லை, மிர்னா சொன்னது. நான் சேர்த்தது குறைவு.

"பதினோராம் கட்டம்மா. இந்த முகவரி எங்க வருது?"

"எங்க வீடுதான் தம்பி."

"வீடு சரிம்மா. பழைய பேக்கரிலேருந்து ரெண்டு தெரு ஏரிப் பக்கம், ஒரு தெரு மேல, பச்சை கேட்டுன்னு இருக்கு. எந்த ஏரி?"

"ஏரிப் பக்கம்னா… ஏரிப் பக்கம்தான்."

"சான் ஹோசேல ஏரி ஏதும்மா?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, இந்த ஊரில் ஏரி இல்லை.*

* மனாகுவாவில் வடக்கு என்று யாரும் சொல்வதில்லை. வடக்கே பெரிய ஏரி, ஆகவே வடக்கு என்றால் ஏரிப் பக்கம். சூரியன் ஏறுகிற கிழக்கு மேல், இறங்குகிற மேற்கு கீழ். வீட்டு எண் என்ற பேச்சே கிடையாது. சான் ஹோசேயிலும் கிடையாது, ஆனால் இங்கே மீட்டர் கணக்கு. மாதா கோயிலிலிருந்து இருநூறு மீட்டர் வடக்கு, நூறு மீட்டர் கிழக்கு என்பார்கள். எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் மனாகுவாக்காரர்கள். அங்கே இன்றைக்கும் ஏரிப் பக்கம் என்றுதான் பேச்சு. பீட்சா கொண்டுவருகிறவன்கூட அப்படிக் கேட்டுத்தான் வந்து சேருகிறான்.

எலிசாவின் சாட்சியில் கோயிலிலிருந்து இருநூறு மீட்டர் வடக்கு, நூறு மீட்டர் கிழக்கு என்று இருந்தது. பேக்கரி இருந்தது கோயிலை ஒட்டித்தான், இரண்டும் ஒரே வீடு. பையன் கணினியில் வரைபடத்தைத் திறந்து, பழைய பேக்கரியைத் தேடினான். அது இடிபட்டு எட்டு வருஷம். பக்கத்து மேஜைக்கு எழுந்து போய்க் கேட்டுவிட்டும் வந்தான். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட படிவத்தில் யாரும் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாதாம். புதுப் படிவம், புதுத் தேதி. அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளித்தான். அதற்குள் போலீஸ் சான்று செத்துவிடும். அதற்கு மறுபடியும் எட்டு மாதம்.

அந்தப் படிவத்தை மிர்னா தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். ஆகவே—

5

ஆகவே ஒன்றும் இல்லை. மேலே உள்ள கடைசி வரி பொய். அடித்துவிடலாம்தான். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான். அவள் சொன்னாள், நான் எழுதினேன். நானும் மனாகுவாக்காரன். ஹோண்டுராஸ்காரன் வந்தால், கொலம்பியாக்காரி வந்தால், அவர்கள் என்ன உளறினாலும் மீட்டராக மாற்றி எழுதத் தெரியும் எனக்கு. அவள் ஏரிப் பக்கம் என்றபோது என் காதுக்கும் இடறவில்லை, கைக்கும் இடறவில்லை. அன்றைக்கு அவளோடு பேசிக்கொண்டிருந்தது எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் கை தானாகப் போய்விட்டது. இந்த நாட்டுக் குடிமகனாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது எனக்கு.

அதைக்கூட மன்னிக்கலாம், கை தவறாத எழுத்தர் யார்? மன்னிக்க முடியாதது அடுத்தது. திரும்பி வந்த காகிதத்தை நீட்டிக்கொண்டு அவள் என் மேஜை முன்னால் நின்றாள்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"உங்க மேல தப்பே இல்ல," என்றேன். வாய் கூசவில்லை. "இவனுங்க அப்படித்தான். நம்ம ஆளுங்கன்னா வேணும்னே இழுத்தடிப்பானுங்க."

அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, கடைக்குப் போய்ச் சொல்லியும்விட்டாள். எலிசா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாராம்.

"இருபது வருஷம் என் அடுப்படில நின்னுட்டு, என் ஆளுங்கள என்கிட்டயே தப்பாப் பேசுறியா மிர்னா? உனக்குச் சாட்சி எழுதுனது யாரு, உங்க ஏரி வந்து எழுதுச்சா?"

மூன்று வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே அடுப்படியில் முதுகு காட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். பிறகு எப்படியோ பேசிக்கொண்டார்கள். அதைச் செய்து வைத்தது நான் என்று எழுத ஆசைதான். நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை.

6

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) கவுன்ட்டர் பையன் தெருவில் ஓடி வந்து, "அம்மா, மேலதிகாரி ஒத்துக்கிட்டார்," என்கிறான். இப்படி ஒரு மேலதிகாரியை நான் இந்த நடைபாதையில் பார்த்ததில்லை.

(ஆ) நான் உண்மையைச் சொல்கிறேன். மிர்னா சிரிக்கிறாள். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு தடவ படிச்சேனே! எனக்கும் அது சரியாத்தான பட்டுச்சு!" இருவரும் அழுகிறோம். அழகான முடிவு. நான்கு முறை மாற்றி எழுதினேன், ஒவ்வொரு முறையும் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இதில் நான் கேட்பதற்கு முன்பே அவள் மன்னித்துவிடுகிறாள். எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை அது. கிழித்துவிட்டேன்.

(இ) எல்மர் எழுந்து நடந்து, தானே அம்மாவைப் பார்க்க சான் ஹோசே வருகி—

மான்டெர்ரே மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் யார் சொல்வதற்கு?

7

நேற்று காலை பத்து மணிக்கு மிர்னா வந்தாள். புதுப் போலீஸ் சான்று வந்துவிட்டது. எலிசா மறுபடியும் சாட்சி எழுதிக் கொடுத்திருந்தார். நான் இந்தக் கதையின் மேல் ஒரு காலிப் படிவத்தை வைத்து மறைத்தேன்.

"என்ன எழுதிட்டிருந்தீங்க?"

"கதை."

"யாரப் பத்தி?"

"ஒரு படிவத்தப் பத்தி."

"அட, அதப் போய் யாரு படிப்பா!" உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "வேற ஆள்கிட்டப் போகச் சொன்னாங்க தோன்யா எலிசா. நான் கேக்கல. எனக்காக அன்னைக்கு அவ்வளவு கோவப்பட்ட மனுஷனாச்சே நீங்க."

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"கம்பு வச்சு எந்திரிச்சு நிக்கிறான். நிக்கும்போது பக்கத்துல ஒருத்தர் வேணும்ல? செவ்வாக்கெழம விழுந்துட்டானாம். காலைல விழுந்தவன், சாயங்காலம் ஆளுங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் தரையிலயே கெடந்திருக்கான். சூப்பு கொண்டு வர்ற பொண்ணும் அன்னைக்குப் பாத்து ஊருக்குப் போயிடுச்சு. என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்திருக்கான். சிரிச்சுக்கிட்டே சொல்றான் கழுத."

அவள் சொல்லிவிட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒழுங்காக எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமை அவள் மான்டெர்ரேயில் இருந்திருப்பாள். இந்தக் கணக்கைப் போட எனக்குக் கதை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தொழில். பதினோராவது கட்டம்.

"முகவரி?"

"பழைய பேக்கரிலேருந்து ரெண்டு தெரு ஏரிப் பக்கம், ஒரு தெரு மேல, பச்ச கேட்டு."

மாதா கோயிலிலிருந்து இருநூறு மீட்டர் வடக்கு, நூறு மீட்டர் கிழக்கு என்று எழுதினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். விரல் பதினோராவது கட்டத்தில் நின்றது.

"இதென்ன, வேற மாதிரி இருக்கு? போன தடவ ஏரிப் பக்கம்னுதான போட்டோம்?"

போட்டோம் என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் என்னைப் பாராட்டுவீர்கள், விதி மாறிவிட்டது என்று சமாளித்தேன் என்று எழுதினால் திட்டுவீர்கள். இரண்டிலும் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்துவிடும். அது எனக்கு வேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். பேனா மூடி திறந்துதான் இருக்கிறது. எதிரில் மிர்னா, படிவத்திலிருந்து விரலை எடுக்காமல், உங்களை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"சொல்லுங்க," என்கிறாள்.