இருவாச்சி மார்க் சரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேனின் பின்பக்கத்திலிருந்து கிடைத்தது. சிவகாசி பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற வேன். கண்ணாடியில் இரண்டு அறிவிப்புகள். மேலே இருந்தது பழையது: 'தீப்பெட்டி, பீடி, சிகரெட் உள்ளே கொண்டுவரக் கூடாது.' கீழே இருந்தது புதியது: 'உங்கள் பயணக் கட்டணத்தில் ஒரு பங்கு மழைக்காட்டுக்கு.' வார நாட்களில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன், விடுமுறைகளில் சுற்றுலா போகிறது. இவ்வளவுதான் தெரியும். வேன் கிளம்பிவிட்டது. மிச்சத்தை இட்டுக்கட்டுகிறேன்.

முதல் வரியாக எழுதியது இது: 'அச்சங்குளத்துக்கு மேலே அன்று காலை வானம்'

அடித்துவிட்டேன். [இந்தப் பக்கத்து ஊர் ஒன்றையும் வானத்தையும் ஒரே வரியில் வைத்தால் வாசகர் புகையைத் தேடுவார். நீங்கள் இப்போதே தேடுகிறீர்கள்.]

2

வேன் ஷாஹிதாவுடையது. அப்பா பீர் முகைதீன் விட்டுப்போன ஒற்றை வேனை மூன்றாக்கியவள். போன வருடம், இரண்டாயிரத்து ஆறில், செங்கோட்டைக்கு மேலே ஒரு கைவிடப்பட்ட ஏலத்தோட்டத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனாள். தோட்டம் மறுபடி காடாகிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு மரத்தில் கீறல் ஒன்று. அதிலிருந்து ஓர் அலகு நீண்டு, வெளியே நின்ற பறவையிடமிருந்து அத்திப்பழத்தை வாங்கிக்கொண்டது. இருவாச்சி. பெட்டை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் தீனி கொண்டுவரும்.

தோட்டம் விலைக்கு வந்தது. தங்கும் விடுதி கட்ட ஒருவர் கேட்டார். வாங்கிக் காடாகவே விட்டுவிடுகிறோம் என்றது ஓர் அறக்கட்டளை. ஷாஹிதா தன் பயணிகளிடம் சொன்னாள். மதுரை, தென்காசி டிராவல்ஸ்காரர்களையும் சேர்த்தாள். மழைக்காடு என்ற சொல்லை முதல்முறை கேட்டவர்கள்கூடக் கொடுத்தார்கள். போதவில்லை. மீதியைத் தருவதாகச் சொன்னவர் லட்சுமிகாந்தம், அவள் வேன்கள் ஆள் ஏற்றும் தொழிற்சாலையின் முதலாளி. இந்த மாசியில் ஒரு நாள், தொழிற்சாலைக்கு லீவு விட்டு, ஆட்களோடு நேரில் வந்து காட்டைப் பார்த்துவிட்டுக் காசோலை கொடுப்பார். அன்று மாலைக்குள் அது கைக்கு வராவிட்டால் தோட்டம் விடுதிக்காரருக்கு.

(ஷாஹிதாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒரு பத்தி எழுதினேன். சின்ன வயது, ஒரு மரம், இத்தியாதி. பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த அலகைப் பார்த்தாள். போதும்.)

3

அன்று காலை கிளம்பும் முன் ஷாஹிதா ஓட்டுநர் காளிராஜின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். தீப்பெட்டி.

"அக்கா, இன்னைக்கு பேக்டரிக்கா போறோம்? காட்டுக்குத்தான?"

"வேன் அதே வேன்தானலே. குடு."

"ஒரு பீடிக்கு இம்புட்டுக் கெடுபிடியா? பேசாம மாமியா வீட்டுக்கே போயிருக்கலாம்."

தீப்பெட்டியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ராஜபாளையம் தாண்டியதும் தண்ணீர் பாக்கெட் கொடுக்கப் பின்னால் போனாள். கடைசி இருக்கையில் சோலையம்மாள். அந்தத் தொழிற்சாலையில் சரம் கோக்கிறவள். கால்களை மேலே மடித்து வைத்திருந்தாள்.

"காலத் தொங்கப் போடுங்கக்கா, மரத்துப்போகும்."

"கீழ சரக்கு இருக்கு தாயி."

"என்ன சரக்கு?"

"மொதலாளி சொல்லலியா? பத்தாயிரம் வாலா. நாங்கதான் கோத்தோம்."

4

இங்கேயே கதையை முடித்துவிட வசதி உண்டு. மலைப்பாதை, சூடான என்ஜின், இருக்கைக்குக் கீழே பத்தாயிரம் வெடி. எழுதினேன்: 'அடுத்த வளைவில்'

இல்லை. சிவகாசி என்று படித்ததுமே நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் வேனில் இருப்பவர்கள் அதற்காக வரவில்லை. முறுக்குத் தின்கிறார்கள். முன்வரிசையும் பின்வரிசையும் போட்டி போட்டுப் பாடுகின்றன. வேன் அடுத்த வளைவைத் தாண்டியது. அதற்கு அடுத்ததையும்.

ஷாஹிதா மட்டும் கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெட்டி நகராமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

5

காரில் முன்னால் போயிருந்த லட்சுமிகாந்தம் தோட்டத்தில் காத்திருந்தார். பெட்டியைத் தானே திறந்தார். மேலே ஒட்டியிருந்த லேபிளில் ஓர் இருவாச்சி. 'மழைக்காடு' என்ற எழுத்து.

"நம்மூரு ஆப்செட்டு தாயி. அலகுல அந்த மஞ்சளக் கொண்டாரதுக்குள்ள அச்சுக்காரன் அழுதுட்டான். இதுக்குன்னே போட்டது. கடைக்குப் போகாது."

லேபிள் அழகாக இருந்தது. ஷாஹிதாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

[லட்சுமிகாந்தத்தை வில்லனாக எழுதிப் பார்த்தேன். தங்க மோதிரம், ஏப்பம். லேபிளைக் கையில் கொடுத்ததும் அவர் வில்லனாக இருக்க மறுத்துவிட்டார்.]

"அண்ணாச்சி, வெடி வேணாமே. சருகு காஞ்சு கெடக்கு. ஒரு பொறி விழுந்தா..."

"பொறியப் பத்தி எங்கிட்டயா? அந்தா, பாறையச் சுத்திக் கூட்டித் தண்ணி தெளிச்சாச்சு."

உண்மைதான். நெருப்பு அவருக்குத் தெரியும்.

"இல்ல அண்ணாச்சி, சத்தம்..."

"சத்தமில்லாமக் குடுக்கதா? சடங்குக்கு வெடி, கலியாணத்துக்கு வெடி, செத்தாக்கூட வெடி. சும்மா குடுத்தா ஒளிச்சுக் குடுத்த மாதிரில்லா இருக்கும்? இவுக எல்லாரும் ஒரு நாள் கூலியப் போட்டிருக்காக. அவுக கோத்த சரம். வெடிச்சு முடியவும் செக்கு."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பாறைமேல் சரம் விரிந்தது.

"யாருகிட்டப்பா தீப்பெட்டி?"

யாரிடமும் இல்லை. தொழிற்சாலை வாசலில் தினமும் தடவிச் சோதிக்கப்பட்டுப் பழகியவர்கள். பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊரிலிருந்து வேன் நிறைய ஆட்கள். ஒருவரிடமும் ஒரு குச்சி இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீகளா மொதலாளி, எங்க ஒழுக்கத்த" என்றாள் சோலையம்மாள். "இதுக்கே கூலியக் கூட்டணும்."

காளிராஜ் சிரிக்கவில்லை. ஷாஹிதாவின் கைப்பையைப் பார்த்தான்.

6

முடிவுகள்.

அ) அவள் சொல்லவில்லை. காளிராஜும் வாயைத் திறக்கவில்லை. லட்சுமிகாந்தம் கீழே டீக்கடைக்குக் காரை அனுப்புகிறார். தீப்பெட்டி வருகிறது.

ஆ) கொடுத்துவிடுகிறாள். சரம் வெடிக்கிறது. காசோலை கைமாறுகிறது. காடு பிழைக்கிறது. அந்த மரத்துக்கு மட்டும் ஆண் பறவை வருவதில்லை.

இ) தீப்பெட்டியைப் பள்ளத்தில் வீசுகிறாள். (கைதட்டல்.) மாலையில் விடுதிக்காரர் கையெழுத்துப் போடுகிறார்.

மூன்றும் நடக்கக்கூடியவை. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஷாஹிதா என் சொல்படி கேட்டாள், அதுதான் பிடிக்கவில்லை.

7

தீப்பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நீட்டவில்லை. மறைக்கவும் இல்லை.

"உங்ககிட்டயா இருக்கு?" லட்சுமிகாந்தம் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, லேபிள்ல போட்டிருக்கீகளே, அதோட பொண்டாட்டி அந்த மரத்துக்குள்ள இருக்கு. குஞ்சோட."

"எந்த மரம்?"

காட்டினாள். பாறைக்கு நேர் எதிரே.

"சத்தம் கேட்டா இது வராது. இது வராட்டி உள்ள தீனி இல்ல."

"வெளிய வந்து தேடிக்கிட வேண்டியதான?"

"வாசல அடச்சிருக்கு."

லட்சுமிகாந்தம் வாழ்நாளெல்லாம் வெடிமருந்து அறைகள் கட்டியவர். எந்த அறையைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். அதையே கேட்டார்.

"எத்தன வாசல்?"

"ஒண்ணுகூட இல்ல. ஒரு கீறல். அலகு மட்டும் வெளிய வரும்."

பின்னால் சிரிப்பு நின்றுபோனது. அவர்கள் வேலை செய்யும் அறைகளில் சுவருக்கு ஒரு வாசல் உண்டு. சத்தம் கேட்டால் எந்தப் பக்கமும் ஓடலாம்.

"ஓட முடியாதா, தாயி?" என்றாள் சோலையம்மாள்.

"முடியாதுக்கா."

அப்போது மேலே ஓர் இரைச்சல், ரயில் வருவதுபோல. சிறகுகள். ஆண் பறவை. அலகில் அத்திப்பழம். மரத்துக்கு வரவில்லை. தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்து இத்தனை பேரையும் பார்த்தது.

லட்சுமிகாந்தத்தின் கை பாதி தூரத்தில் நின்றது.

"வாசல் வைக்காம எவன் ரூம் கட்டுவான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

8

இங்கே நிறுத்துகிறேன். அந்தக் கை தீப்பெட்டிக்கு வருமா, சட்டைப்பைக்குப் போகுமா என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். எந்தப் பக்கம் எழுதினேன் என்று சொல்லமாட்டேன்.

முதல் பக்கத்திலிருந்தே நீங்கள் ஒரு சத்தத்துக்குக் காத்திருக்கிறீர்கள். சரம் பாறைமேல் இருக்கிறது. பழம் இன்னும் அலகிலேயே இருக்கிறது.

இதோடு புத்தகத்தை மூடுவீர்கள். பறவை கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறது. படாரென்று மூடுவதா, மெல்ல மூடுவதா என்பது உங்கள் பாடு.