மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும்

தண்ணீர் சுத்திகரிக்கும் அறையின் கதவுக்கு மூன்று பூட்டுகள். இயந்திரம் கம்பெனி கொடுத்தது, இடம் நகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது, ஆளுக்கொரு சாவி. மூவரும் வந்துதான் கதவைத் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

இந்த மூன்று தரப்பும் எப்படிக் கூடி வேலை செய்கின்றன என்பதுதான் அந்தப் பகுதிப் பெண் ஒருத்தியின் முதுகலை ஆய்வு. குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாயும் கொஞ்சம் நீளம். ஆறு மாதம் நாயாய் அலைந்தும் மூவரையும் அந்தக் கதவருகே அவள் ஒருசேரப் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு டாணென்று வந்தது. எப்படி என்று தெரியாமல் ஆய்வேட்டைக் கொண்டுவராதே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மோட்டார் போடுவது அவள் சித்திதான். கேட்டால் மழுப்புவாள். ஒருநாள் சித்தியிடம் சொல்லாமல் அவள் ஐந்தரைக்கே போய் நின்றாள். சித்தி தன்னிடமிருந்த தொண்டு நிறுவனத்துச் சாவியால் ஒரே ஒரு பூட்டைத் திறந்தாள். கதவைச் சுற்றியிருந்த சங்கிலி சரிந்து விழுந்தது. மூன்று பூட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சங்கிலியோடு கோக்கப்பட்டிருந்தன. எதைத் திறந்தாலும் போதும்.

"யாரு சித்தி இப்படிக் கோத்தது?"

"திறப்பு விழா அன்னிக்கு மூணு பேரும் போட்டோவுக்கு நின்னாங்க. பூட்டுற வேலையை என் தலையில கட்டினாங்க. பூட்டினேன்."

"அடிப்பாவி!"

"கத்தாதடி. இதை எழுதின, என் வேலை காலி."

"எழுதலைன்னா என் பட்டம் காலி."

சித்தி உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியது. படித்த ஐந்து வருடமும் ஒருநாள்கூடத் தண்ணீருக்காகக் கல்லூரி பஸ்ஸைத் தவறவிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் மூன்று தரப்பும் கூடும் ஆய்வுக் கூட்டம். பேச அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

"ஆறு மாசத்துல ஒருதடவையாவது மூணு பேரும் சாவியோட வந்தீங்களா?"

கம்பெனி அதிகாரி போனைப் பார்த்தார். தொண்டு நிறுவனத்து அம்மா தண்ணீர் குடித்தார். அவள் மூன்று பூட்டையும் ஒரு சங்கிலியையும் மேஜையில் கோத்துக் காட்டினாள். "யார் வந்தாலும் திறக்கலாம். திறந்தவங்க நோட்டுல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

மூவரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள். தாளைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் சொன்னாள்: "யோசனை என்னோடது இல்ல. மோட்டார் போடுறவங்களோடது."

"சரி, எப்போ மாத்தணும்?" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

"வேலை ஒண்ணும் பாக்கி இல்ல சார்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "அந்தம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லும்மா."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை அவள் மோட்டார் அறையில் வைத்து வாசித்துக் காட்டினாள். முதல் வரி சித்திக்கு.

"ஆபீசருங்க எல்லாம்?"

"கீழே இருக்காங்க."

"கோவிச்சுக்கப் போறாங்கடி."

"கோவிச்சுக்கட்டும்."

சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த முதல் வரியை இன்னொரு தடவை படி. மோட்டார் சத்தத்துல சரியாக் கேக்கல."

மோட்டார் இன்னும் போடப்படவே இல்லை. அவள் மறுபடி படித்தாள்.