இடது பக்கக் கதவு

வாஹித் பாஷாவின் கறுப்புக் கார் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜியாவுல்லாவின் ஷெட்டுக்கு வந்துவிட்டது. ஆம்பூர் பைபாஸில், லாரிக்கு பாடி கட்டும் இடத்தை ஒட்டியிருந்த டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் அது. அதில் ஒரு ஓரத்தைத் தார்ப்பாய் கட்டி மறைத்து, பாலிஷ் வேலைக்கென்று ஒதுக்கியிருந்தார் ஜியாவுல்லா. அந்த ஓரம் பொன்மலருடையது.

எட்டு வருஷம் ஷூ கம்பெனியில் பினிஷிங் செக்‌ஷனில் நின்று தோலுக்குப் பளபளப்பு ஏற்றியவள் அவள். "தோலு மேல எவ்ளோ அழுத்தணும்னு கைக்குத் தெரிஞ்சவளுக்குக் கார் பெயிண்டு ஒரு கஷ்டமாம்மா?" என்று சொல்லித்தான் ஜியாவுல்லா அவள் கையில் பஃப்பிங் மிஷினைக் கொடுத்தார். அது 2004-இல். ஒரு பெண் பிள்ளை மிஷின் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே முதலில் சிலர் வண்டி கொண்டுவந்தார்கள். இந்த மூன்று வருஷத்தில் அது மாறி, அவள் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டே வண்டியை உள்ளே விட்டார்கள்.

வாஹித் பாஷா மாதனூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பர்சனல் மேனேஜர். அதிர்ந்து பேசாத மனிதர். காரை விட்டு இறங்கியவர் பானெட்டைக் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை போல வட்டவட்டமாக மெல்லிய கோடுகள்.

"காஞ்ச துணியால தெனமும் தொடச்சிருக்காங்க சார். தூசியோட சேத்துத் தேச்சா இப்படித்தான் ஆவும்" என்றாள் பொன்மலர். "ரெண்டு தடவ காம்பவுண்ட் பேஸ்ட் போட்டுத் தேச்சு, அப்புறம் பாலிஷ் அடிச்சாப் போய்டும்."

டிரைவர் துரைசாமி தலையைக் குனிந்துகொண்டார். தினமும் துடைப்பவர் அவர்தான்.

"புதன்கிழமை வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சிடு" என்றார் வாஹித் பாஷா. "ஆனா இடது பக்கம் மட்டும் தொடாத. நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்து போட்டோ எடுப்பாங்க."

பொன்மலர் சுற்றிவந்து பார்த்தாள். முன் கதவில் தொடங்கிப் பின் கதவையும் தாண்டி ஒரே கீறல். உள்ளே இருக்கும் வெள்ளைப் பிரைமர் தெரியும் அளவுக்கு ஆழம்.

"சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி கேட்டாண்ட நின்னுது வண்டி. பஸ் ஏற வர்ற கூட்டத்துல எவனோ கிழிச்சிட்டான். எவன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வாரம் முன்னாடி வேலைய விட்டு நிறுத்தினேன் ஒருத்தன, கட்டிங் செக்‌ஷன். போகும்போது 'பாத்துக்கறேன்'னு கேட்டுல நின்னு கத்திட்டுப் போனான்."

பொன்மலர் ஜியாவுல்லாவைப் பார்த்தாள். அந்தக் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் இருந்து இரண்டு வாரம் முன்பு நிறுத்தப்பட்டவன் அவள் தம்பி சாந்தகுமார். ஜியாவுல்லாவுக்கும் அது தெரியும். அவர் சட்டென்று திரும்பி, பெயிண்ட் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார்.

காரை விட்டுவிட்டு அவர்கள் போனதும் பொன்மலர் கீறலின் முன்முனையில் குந்தி உட்கார்ந்து நகத்தை வைத்து இழுத்தாள். நகம் சிக்கியது. நகம் சிக்கினால் பாலிஷுக்குப் போகாது. சாவியால் கிழித்தால் ஓரங்கள் சொரசொரப்பாக இருக்கும், பெயிண்ட் உதிர்ந்திருக்கும். இது அப்படி இல்லை. ஒடுக்கமாக, சுத்தமாக வெட்டியது போல இருந்தது. தோல் வெட்டுகிற கத்தி போட்ட கோடு இப்படித்தான் இருக்கும். அந்தக் கத்தி ஒன்று சாந்தகுமாரின் பையில் இருக்கிறது.

சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வரும்போது பத்து மணி தாண்டியிருந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தான். கேட்டதற்கு, "சைக்கிள் செயின்ல மாட்டிக்கிச்சுக்கா" என்றான். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சைக்கிள் ஞாபகம் வந்தது. அது ஒரு வாரமாக டயர் இல்லாமல் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது.

அன்று இரவு சாப்பிடும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"சனிக்கெழம எங்கடா போன?"

"தோஸ்த் வூட்டுக்கு."

"எந்த தோஸ்த்து?"

"இன்னாக்கா, போலீஸ் மாதிரி கேக்கற?" என்றான் சாந்தகுமார். தட்டில் பாதிச் சோறு இருக்க, எழுந்து கை கழுவினான்.

போலீஸ் என்ற சொல் அவளைத் தூங்கவிடவில்லை. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள். சர்ச்சில் காணிக்கைத் தட்டு பிடித்தவன், பக்கத்து வீட்டுக் கோழி செத்தால் அழுதவன். அப்படிப்பட்டவனா? ஆனால் வேலை போன நாளில் இருந்து அவன் பேச்சே வேறு மாதிரி ஆகியிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பல்லைக் கடிப்பான். செய்திருக்க மாட்டான் என்று நினைத்த மறுநிமிஷமே, செய்திருந்தால் என்ற கேள்வி வந்துவிடும். விடிகிற வரைக்கும் இதே பாடு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கே ஷெட்டைத் திறந்தாள். ஜியாவுல்லா வர எப்படியும் ஒன்பது ஆகும். நைசான உப்புத்தாளான இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தாள். முன் கதவுக் கீறலின் மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கூர்மையான ஓரம் மழுங்கட்டும், கத்தி என்று எவனும் சொல்ல முடியாமல் போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம். முன் கதவு முடிந்து, சாம்பல் நிறத்தில் மங்கலாய் ஒரு பட்டை விழுந்திருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"யாரு உன்ன அங்க கை வைக்கச் சொன்னது?"

வாஹித் பாஷா நின்றிருந்தார். கூடவே துரைசாமி. இருவரும் ஆட்டோவில் வந்திருந்தார்கள்.

பொன்மலர் எழுந்தாள். கையில் இருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது.

"போட்டோ எடுக்கணும்னு சொன்னேன் இல்ல? அப்புறம் ஏன் இவ்ளோ அவசரம்? காலங்காத்தால தனியா வந்து?" அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அவன் உனக்கு யாரு?"

அந்த நேரம் பார்த்து ஜியாவுல்லா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "சார், தெரியாமப் பண்ணிட்டா..." என்று இழுத்தார்.

"தெரிஞ்சுதான் பாய் பண்ணேன்" என்றாள் பொன்மலர். "சாந்தகுமாரு என் தம்பி சார்."

"அப்ப அவன்தான்னு உனக்கே தெரிஞ்சிருக்கு" என்றார் வாஹித் பாஷா. "இதுக்கு மேல எனக்கு இன்னா சாட்சி வேணும்?"

அவர் செல்போனை எடுத்து நம்பரை அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. சிக்னலுக்காக ரோட்டுப் பக்கம் நடந்தார்.

பொன்மலர் காரைப் பார்த்தாள். தம்பியைக் காப்பாற்றப் போய், தானே அவனைப் பிடித்துக் கொடுத்தாயிற்று. மீதிக் கீறல் பின் கதவில் அப்படியே இருந்தது. நேற்று அந்தப் பக்கம் அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கத்தி என்று மனசில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது குனிந்து பார்த்தாள். கோடு அலையவே இல்லை. டேப்பை எடுத்துத் தரையில் இருந்து அளந்தாள். கதவின் கைப்பிடிக்குக் கீழே இருபத்தேழு அங்குலம். ஒரு அடி தள்ளியும் இருபத்தேழு. சக்கரத்துக்கு மேலேயும் இருபத்தேழு. மனுஷன் நடந்துகொண்டே கிழித்தால் கை ஏறும், இறங்கும். கதவு இடுக்கு வந்தால் தடுக்கும். இது ஒரே மட்டத்தில் நின்ற ஏதோ ஒன்றில் வண்டி உரசிக்கொண்டு போன கோடு.

கீறல் முடியும் இடத்தில் விரலை வைத்தாள். பள்ளத்துக்குள் ஏதோ ஒட்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். பச்சைப் பெயிண்ட், அதோடு துரு.

"சார்!" என்று கத்தினாள். "சார், கொஞ்சம் வந்து பாருங்க. அப்புறம் யாருக்கு வேணா போன் போடுங்க."

வாஹித் பாஷா திரும்பி வந்தார். அவள் டேப்பை அவர் கையிலேயே கொடுத்து மூன்று இடத்தில் அளக்கச் சொன்னாள். அவர் அளந்தார். பிறகு குனிந்து பச்சையைப் பார்த்தார். ஜியாவுல்லாவும் பார்த்தார். "தகரம் சார் இது. தள்ளுவண்டிக்கு ஓரத்துல அடிப்பாங்களே, அந்தத் தகரம். அதுவும் கத்தியாட்டம்தான் வெட்டும்."

"கேட்டாண்ட ஏது தள்ளுவண்டி?" என்றார் வாஹித் பாஷா.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் துரைசாமியைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் விருந்தாளிய வேலூர்ல விடச் சொன்னீங்க இல்ல சார்... வரும்போது லாங் பஜாருக்குள்ள பூந்துட்டேன். பொண்ணுக்கு வளகாப்பு. எவர்சில்வர் பாத்தரம் வாங்க. கூட்டத்துல ஒரு வண்டிக்காரன் நகரல. நான்தான் நெருக்கிப் போய்ட்டேன்." அவர் துண்டை முறுக்கினார். "நீங்க அந்தப் பையன் மேல சந்தேகப்பட்டப்போ... வாயத் தொறக்கல சார். பயந்துட்டேன்."

வாஹித் பாஷா செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். "அந்தக் கதவ முழுசா பெயிண்ட் அடிச்சுடு பாய்" என்று ஜியாவுல்லாவிடம் சொன்னார். பொன்மலர் பக்கம் திரும்பாமலே துரைசாமியை முன்னால் நடக்கவிட்டு ரோட்டுக்குப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்தபோது ஜியாவுல்லா சொன்னார்: "இத தம்பிகிட்ட சொல்லாதம்மா. முடிஞ்சிபோன விஷயம். சொன்னா மனசுதான் பேஜாராவும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மாதனூர் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லக் கூடாது என்றுதான் பொன்மலர் முடிவு செய்தாள். வீட்டில் சாந்தகுமார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். விரலில் அதே துணி. அவனைப் பார்த்ததும் முடிவு நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். வாட்டர் பேப்பர் எடுத்துத் தேய்த்ததையும் சேர்த்து.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்த ஆளு நெனப்பாரு. அது சரி. நீ எப்பிடிக்கா நெனச்ச?"

"கேட்டேனேடா. நீ பொய் சொன்ன."

"குடியாத்தத்துல கல்யாண சமையலுக்குப் போனேன். மூணு மூட்ட காய் வெட்டினேன். கம்பெனில கட்டரா இருந்தவன் கத்திரிக்கா வெட்டறான்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்லியிருந்தா நான் சிரிச்சா இருப்பேன்?"

"சிரிச்சிருக்க மாட்ட. அழுதிருப்ப. அதான் சொல்லல."

அவன் எழுந்து வெளியே போனான். பொன்மலர் மிச்ச வெங்காயத்தை உரித்தாள், குழம்பு வைத்தாள். ஒன்பது மணிக்கு அவன் வந்து உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொண்டான். சாப்பிட்டான். அவள் இன்னொரு கரண்டி ஊற்றப் போனபோது தட்டைக் கையால் மறைத்தான்.

"ஞாயித்துக்கெழம வாணியம்பாடில ஒரு கல்யாணம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே. "வர லேட்டாவும். கதவத் தாப்பாப் போட்டுக்கோ."