படகிலிருந்து யார் இறங்குவது

1.

இந்தக் கதை நான் யோசித்தது அல்ல. ஒரு பல்லுக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது.

செயற்கைப் பல் செய்து மருத்துவர்களுக்கு அனுப்பும் கூடம் அது. எனக்குச் செய்த பல் நிறம் ஒத்துப்போகவில்லை என்று மருத்துவர் என்னையே நேரில் போகச் சொல்லிவிட்டார். அங்கே பல் செய்கிற அம்மாள் மெழுகைச் சுரண்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு கதை சொன்னார். முடித்துவிட்டு, "எழுதிக்குங்க. ஆனா கடைசியில என்னை நல்லவளாக்கிடாதீங்க" என்றார்.

சரி என்றேன். இனி அவர் 'அக்கா'. கதைக்குள் 'அவள்' என்றும் சொல்வேன். மரியாதைக் குறைவு இல்லை. கிட்டப் போய் நின்றால்தான் பொறாமை கண்ணுக்குத் தெரியும்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அக்காவின் விரல்களில் எப்போதும் பல் அச்சு வார்க்கும் வெண்சாந்துத் தூசி, அந்தத் தூசிக்கு அடியில் ஒரு…"

வேண்டாம். அழகாக எழுதப் பார்க்கிறேன். ஆட்டத்திலிருந்தே வருகிறேன்.

அக்கா ஓய்வு நேரத்தில் உருவாக்கியது ஒரு மேசை விளையாட்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லியே ஆடுவது. சந்தேகம் வந்தால் பகடை தீர்க்கும். ஒருவர் மட்டும் ஆடாமல் கதையை ஓட்டிப் போவார். அவருக்கு நடத்துநர் என்று பெயர்.*

ஊர் வெள்ளத்தில் மூழ்குகிறது. எல்லாரும் ஒரே படகில். பாரம் கூடினால் ஒருவர் இறங்கியாக வேண்டும். யார்? பகடையை உருட்டு; யார் பெயர் விழுகிறதோ அவர். மறுபேச்சு கிடையாது.

இது இயல்பு விதி. அதாவது, மேசையில் யாரும் வேறு எதுவும் பேசி வைக்காதபோது செல்லுபடியாகும் விதி. பிடிக்காதவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்று அக்காவே புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். பெரிய மனசோடு. தங்கை மாற்றும்வரை.

* டிக்கெட் கொடுக்க மாட்டார். இறங்கச் சொல்வார்.

3.

தங்கை எதையும் மாற்றுகிறவள். அக்கா போட்டுக் கழித்த சட்டைதான் சின்ன வயதில் அவளுக்கு வரும். கையை வெட்டி, இடுப்பைப் பிடித்து, எங்கிருந்தோ ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வருவாள். "எங்க வாங்கினது?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதே சட்டை அக்கா மேல் இருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை.

ஆட்டத்திலும் அதைத்தான் செய்தாள். பகடை யாரைச் சொன்னாலும், 'அவருக்குப் பதில் நான் இறங்குறேன்' என்று இன்னொருவர் முன்வரலாம். அவ்வளவுதான் மாற்றம். தங்கை வீட்டு மேசையில் ஆடிவிட்டு வந்தவர்கள் கண் சிவந்து வந்தார்கள். பேச்சு பரவியது. பதிப்பாளர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அடுத்த பதிப்பில உங்க தங்கச்சி விதியையே இயல்பு விதியா வெச்சுடலாம்னு பார்க்கிறேன். உங்களோடதை ஓரத்துல ஒரு கட்டத்துக்குள்ள போட்டுடலாம்."

"ஓரத்துல கட்டமா?"

"கொஞ்சம் பெரிய கட்டமாவே போடலாம்."

அன்று ஒரு கடைவாய்ப்பல் கோணலாக வந்தது. [என்னுடையதா என்று கேட்டேன். இல்லையாம்.]

4.

இந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு கணவனைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் சமாதானம் சொல்ல வாயைத் திறந்ததுமே கதை படுத்துவிட்டது. எடுத்துவிட்டேன். (நிஜத்தில் கணவர் இருக்கிறார். மன்னிக்கணும் சார்.)

தங்கையின் விதி மோசமாக இருந்திருந்தால் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அது நல்ல விதி. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டிய விதி. அந்த ஆட்டத்தோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள் அக்கா. சும்மா வந்து ஆடிவிட்டு அதன் மனசைத் தொட்டவள் தங்கை. வயிறு எரியாதா?

5.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வீட்டுக்குப் போனாள். மேசையில் தங்கையும், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரும். அன்றைக்கு நடத்துநர் தங்கையின் கணவர்.

"அக்காவா! வா, வா. உன் ஆட்டத்தை உனக்கே சொல்லித் தரணுமா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவைத்தாள்.

படகு நிறைந்தது. பகடை உருண்டது. தங்கையின் பெயர்.

தங்கை கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பழக்கம். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்கு அதே சிரிப்பு. காற்று வரும் அறைக்கு அதே சிரிப்பு. அம்மா படுத்த படுக்கையானபோது வெளியூர்ப் படிப்பை யார் விடுவது என்ற பேச்சு வந்தபோதும். அங்கெல்லாம் யாரும் பகடை போடவில்லை.

"அப்ப… வேணா நான்…" என்று மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கப் போனார்.

"நீங்க இருங்க. அக்கா இறங்குவா."

"இறங்கலை" என்றாள் அக்கா.

"என்னக்கா, ஆட்டம்தானே?"

"ஆட்டம்தான். அதான் இறங்கலை." அக்கா நிறுத்தவில்லை. "உன் விதியில எப்பவும் ஒரே ஆள்தான் இறங்கும். யாருன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் நான் பகடையை வெச்சேன். யாரு பெரியவ, யாரு சின்னவன்னு பகடைக்குத் தெரியாது."

நடத்துநர் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்.

6.

'தங்கை விம்மியபடி எழுந்து வந்து அக்காவைக் கட்டிப்…'

இல்லை. அப்படி நடக்கவில்லை. என் பேனாவுக்கும் ஓர் இயல்பு விதி இருக்கிறது. விட்டால் எல்லாரையும் கட்டிப்பிடிக்க வைத்துவிடும்.

நடந்தது இது. தங்கை டீயைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி. நான் இறங்குறேன்" என்றாள். தண்ணீர் கழுத்தளவு என்றாள். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்திருக்கிறேன் என்றாள். அப்புறம் பாத்திரத்தின் குரலா, அவள் குரலா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில் பேசினாள்.

"இதுவரைக்கும் எல்லாத்துலயும் நீதான் முன்னாடி போய்ப் பார்த்தே. அதனாலதான் நான் பயமில்லாம மாத்திக்கிட்டு வந்தேன். இந்தத் தடவை நான் போறேன். எவ்வளவு ஆழம்னு பார்த்துச் சொல்றேன்." மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அழுதாள். அழுதுகொண்டே நினைத்தாள்: இறங்குறதையும் என்னைவிட நல்லா செஞ்சுட்டாளே.

"அழுதுக்கிட்டே வயிறு எரிஞ்சிருக்கா உங்களுக்கு?" என்று கதையை நிறுத்திவிட்டு அக்கா என்னைக் கேட்டாள்.

[எரிந்திருக்கிறது. நண்பனின் கதையைப் படித்து.]

7.

புதிய பதிப்பை அக்காவே எழுதினாள். தங்கையின் விதியை இயல்பு விதியாக வைத்தாள். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'ஒருமுறை பிறருக்காக இறங்கியவர் மறுபடி அப்படி இறங்கக் கூடாது; அடுத்த முறை வேறொருவர் முன்வர வேண்டும்.' பதிப்பாளர் துள்ளிக் குதித்தார். தன் வாழ்க்கையிலேயே உருப்படியாக எழுதிய வரி அதுதான் என்று அக்காவுக்கும் தெரியும்.

புத்தகம் கைக்கு வந்த அன்றே தங்கை ஒரு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டாளாம். மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியவந்தது.

8.

முடிவு வேண்டும். ஆளைப் பார்க்காமல் எழுதக் கூடாதென்று தங்கை வீட்டுக்கு நானும் ஆடப் போனேன். அந்த வரி இல்லாமல்தான் ஆடினார்கள். பகடை மருந்துக்கடைக்காரரைச் சொன்னது, தங்கை இறங்கினாள். அடுத்த படகில் என்னைச் சொன்னது. நான் யோசிப்பதற்குள் தங்கை இறங்கிவிட்டாள். அதற்கடுத்த படகிலும் அவள்தான். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள்.

இன்று காலை அக்கா போன் செய்தாள். பல் உறுத்துகிறதா என்றாள். இல்லை என்றேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அவ வீட்டுக்குப் போனீங்களாமே. என் வரியை அடிச்சுட்டு ஆடுறாங்களாம்."

"ஆமா."

"இப்ப அங்க யாரு இறங்குறாங்க?"

உண்மையைச் சொன்னால், விட்டுக்கொடுக்கிறவள் என்று இத்தனை நாள் அவள் வைத்திருந்த ஒரே பெருமையையும் தங்கை வாங்கிக்கொண்டாள் என்று ஆகலாம். இல்லை, முதல்முறையாக வயிற்றெரிச்சல் அடங்கவும் செய்யலாம். 'ஆளுக்கு ஆள் மாறி மாறித்தான்' என்று பொய்யும் சொல்லலாம். மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். அங்கே மெழுகு ஆறிக்கொண்டிருக்கிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்கிறாள்.