படுக்கைக்கு மேலே ஜன்னல்

ஜன்னல் சட்டத்தில் இருபத்திரண்டு திருகாணிகள். அவற்றில் ஒன்பது, துரு ஏறித் தலை உடைந்து போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கழற்றினான் நெவில்.

படகுக்குள் படுக்கையில் சாய்ந்திருந்த அவன் மனைவி ஐரிஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். "இதோட ஒன்பது ஆச்சு. கெட்ட வார்த்தை இன்னும் கையிருப்பு இருக்கா, தீந்துடுச்சா?"

"உனக்காகத்தான் இந்தப் பாடு."

"எனக்காகன்னா மூணு வருஷம் முன்னாடியே பண்ணியிருப்ப. இன்னிக்கு ராத்திரி இந்த மெத்தையில ஒரு சொட்டு விழட்டும், நாளைக்குக் காலையில நான் கவென்ட்ரிக்குக் கிளம்பிடுவேன். என் தங்கச்சி வீட்டு ஜன்னல் ஒழுகாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டி கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். மூன்று இலையுதிர் காலமாக அந்தத் தள்ளு ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கி, மெத்தையில் அவள் படுக்கும் பக்கம் பூஞ்சை பிடித்து, போன மாதம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தாள். போனால் திரும்ப மாட்டாள் என்று நெவிலுக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்தப் படகை வாங்கலாம் என்று அடம்பிடித்தவன் அவன்தான். ஒன்பது வருஷமாக அவனுக்காகத்தான் அவள் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறாள்.

ஆள் கூப்பிட்டால் அடுத்த மாதம்தான் வருவான். தவிர, படகுக்காரன் தன் படகைத் தானே பழுது பார்க்காமல் ஆள் கூப்பிட்டால் கால்வாய் முழுக்கச் சிரிப்பார்கள். ஆகவே இன்று இருட்டுவதற்குள் தானே முடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஜன்னல் இருந்தது கரைப்பக்கம் அல்ல, அடுத்த படகின் பக்கம். நவம்பர் கடைசியில் கரையோரம் படகு கட்ட இடம் கிடைக்காது. வருகிறவன் ஏற்கெனவே நிற்கும் படகோடு தன் படகை ஒட்டிக் கட்டிக்கொள்வான், அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொரு பழைய படகுக்காரன் டெஸ்மண்ட் அப்படி வந்து கட்டியிருந்தான். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

சட்டத்தைக் கழற்றியதும் சுவரில் பெரிய ஓட்டை. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. ஓட்டை ஓரம் நனைந்துவிட்டால் பசை ஒட்டாது. நெவில் ஒரு தார்ப்பாயை எடுத்துத் தன் படகின் கூரையிலிருந்து டெஸ்மண்டின் கூரைக்கு இழுத்துக் கட்டி, நடுவே கம்பு கொடுத்துக் கூடாரமாக்கினான். குளிர் அடிக்காமல் இருக்க ஓட்டையில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டான். அடுப்பில் இரண்டு கரண்டி நிலக்கரி போட்டுவிட்டுச் சட்டத்தோடு கரையேறினான்.

கரையில் பலகை மேல் போட்டுச் சுரண்டிப் பார்த்தபோதுதான் கூத்து வெளியே வந்தது. கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மழைநீர் வடிய அடிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒழுகுகிறதே என்று இவனே வெளிப்பக்கம் பசையை அப்பித் துளைகளை அடைத்திருந்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே போகாமல் எங்கே போகும்? வழியை அடைத்துவிட்டு இரண்டு வருஷமாக மழையைத் திட்டியிருக்கிறான் மனுஷன். ஐரிஸிடம் இதைச் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான்.

ஒரு மணிக்கு டெஸ்மண்ட் துவைத்த துணி மூட்டையோடு வந்தான். நெவில் படகின் முன்தட்டு வழியாகத் தன் படகுக்குத் தாண்டினான்.

"ஏம்ப்பா நெவ், பந்தல் போட்டிருக்க, யாருக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தான். பொண்ணு கிடைச்சா சொல்றேன்."

"உங்க பேட்டரி படுத்துடுச்சுன்னு ஐரிஸ் காலையில சொன்னாளே. ஜெனரேட்டரைப் போடப் போறேன், உனக்கும் ஒரு ஒயர் தூக்கிப் போடவா?"

"மகராசனா இரு!"

தூறல் விழத் தொடங்கியிருந்தது. பெட்ரோல் ஜெனரேட்டர் நனையக் கூடாது. தன் கூரை மேல் நெவிலின் தார்ப்பாய் தயாராக இருந்தது. டெஸ்மண்ட் ஜெனரேட்டரைத் தூக்கி அதற்கடியில் வைத்தான், புகைக்குழாய் தன் புகைபோக்கியின் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தான், கயிற்றை இழுத்தான். அது இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில்தான் நெவிலின் ஓட்டை இருந்தது.

என்ன சொல்ல! இரண்டு பேரும் படகிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். விடுமுறைக்கு வருகிற எவனாவது இப்படி வைத்திருந்தால் ஓடிப்போய் அவன் காது கிழியத் திட்டியிருப்பார்கள். டெஸ்மண்ட் கம்பளியைப் பார்த்தான், அதற்குப் பின்னால் ஜன்னல் இருப்பதாகவே நினைத்தான். நெவில் கரையில் குனிந்து அடைந்த துளைகளைக் குத்தித் திறந்துகொண்டிருந்தான். உள்ளே அடுப்பு நன்றாகப் பிடித்து எரிந்தது. எரிகிற அடுப்பு எங்கிருந்தாவது காற்றை இழுத்துக்கொள்ளும். கம்பளி மெல்ல உட்பக்கம் உப்பிக்கொண்டது.

இருபது நிமிஷத்தில் அலாரம் அலறியது.

நெவில் கையைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு உள்ளே போனான். புகைக்கும் விஷக்காற்றுக்குமான சின்ன வெள்ளைக் கருவி சுவரில் சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருந்தது. ஐரிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சனியனை நிறுத்தேன். தலை வெடிக்குது, வயித்தைப் புரட்டுது."

"பேட்டரி சார்ஜ் ஏறுதுல்ல, அதுல ஒரு வாயு கிளம்பும். அதுக்கே இது ஒப்பாரி வைக்கும். போன குளிர்ல ரெண்டு தடவை கத்தலையா?"

அது பொய்யும் இல்லை. படகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி: பேட்டரி கொதித்தால் அலாரம் ஏமாந்துபோகும். தரைவீட்டுக்காரன் என்றால் பயந்து பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியிருப்பான். இவனுக்கு விஷயம் தெரியும். அதனால் கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கி முன்தட்டில் கொண்டுபோய் வைத்தான். வெளிக்காற்று பட்டதும் அது அடங்கியது.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல."

"நீ பெரிய விஞ்ஞானி. அந்தப் பசை நாத்தம் வேற."

"ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுப் படு. ஒரு மணி நேரத்துல ஜன்னல் மாட்டிடுவேன். நாளைக்கு நீ பெட்டியைப் பிரிச்சுதான் ஆகணும்."

"ஒழுகாம இருக்கட்டும், பாக்கலாம்," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது. அவன் அவள் மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு, சூடு வெளியே போகாமல் கதவை இறுக்கச் சாத்தினான். வெளியே வந்ததும் அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்தது. பசையைத் திட்டினான்.

புது ரப்பர் பட்டை பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது. கண்ணாடி ஒரு விரல் தள்ளலில் ஓடியது. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அத்தனை துளையிலும் வடிந்து போயிற்று. அவனுக்குச் சின்னப்பையன் மாதிரி சந்தோஷம்.

இரண்டரை மணிக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு படகின் விளிம்பில் காலை வைத்து நகர்ந்து, தார்ப்பாய்க்குள் நுழைந்தான். ஜெனரேட்டர் காதருகே இரைந்தது. வெளியிலிருந்து திருகாணி போட, உள்ளிருந்து ஒருவர் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

"ஐரிஸ்! எழுந்திரு, கொஞ்சம் பிடி!"

ஜெனரேட்டர் சத்தத்தை மீறி இன்னும் உரக்கக் கூப்பிட்டான்.

"தூங்கினது போதும். ஏய், ஐரிஸ்!"

முழங்கையால் கம்பளியை விலக்கினான். அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். மாதக்கணக்காக வெளிறிக் கிடந்த முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. தேறிவிட்டாள் என்று நினைத்து ஒரு கணம் மகிழ்ந்தும் போனான் அந்தப் பாவி. பிறகுதான் வாயோரம் வாந்தி தலையணையில் வழிந்திருப்பதைப் பார்த்தான். மூக்கில் பெட்ரோல் புகை ஏறியது. அவன் திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தான்.

சட்டம் கைநழுவி இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தது.

எப்படி விளிம்பைத் தாண்டி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. முன்கதவைத் திறந்தான். உள்ளே அடைந்திருந்த காற்று வெளியே வந்ததும், முன்தட்டில் கிடந்த அலாரம் மறுபடி அலறத் தொடங்கியது. அந்த அலறலோடேயே அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தான். "டெஸ்! அதை நிறுத்துடா! நிறுத்து!" என்று கத்தினான். டெஸ்மண்ட் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

கால்வாய்ப் பாதைக்கு வண்டி வராது. பாலத்திலிருந்து ஆம்புலன்ஸ்காரர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவரும் வரை, இரண்டு பேரும் ஈரப் புல்லில் மாற்றி மாற்றி அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்தவர்களில் ஒரு பெண் வெகுநேரம் அழுத்தினாள். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

டெஸ்மண்ட் முழங்காலிட்டு விம்மினான். "என் மிஷின், நெவ். நான்தான் கொன்னுட்டேன். கம்பளியைத் தூக்கிப் பாத்திருக்கணும்."

நெவில் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கணத்தில் பழி முழுவதையும் டெஸ்மண்டே தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். முன்தட்டில் அலாரம் விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"அந்த அலாரம்," என்றான் டெஸ்மண்ட், மூக்கைத் துடைத்தபடி. "அவ செத்தப்புறம் கத்துதே பாவி. ஒரு மணி நேரம் முன்னாடி கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

நெவில் அவள் கையை விடாமல் சொன்னான்:

"கத்துச்சு, டெஸ். நான்தான் தூக்கி வெளிய வச்சேன்."